பயாஸ் அப்டேட்டைத் தமிழ்ல எப்படிச் சொல்றது? நிலைபொருளா, உறைபொருளா?

எல்லாருக்கும் வணக்கம்.

ஃபர்ம்வேர்னா ஒரு சாதனத்துக்குள்ள சிப்புலயே இருந்து அதை இயக்குற நிரல் (புரோகிராம்), கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற பயாஸும் அதுல ஒரு வகைதான். அதுக்குத் தமிழ்ல நிலைபொருள்னே வெச்சிக்கலாம், ஏற்கனவே புழங்குற சொல்லை எதுக்குக் கலைக்கணும்னு நம்ம குழுவுல ஐயா ஒருத்தர் கேட்டிருந்தாரு. நியாயமான கேள்விதான். நானும் ரெண்டு மூணு வருஷமா மொழிபெயர்ப்புல அந்தச் சொல்லைத்தான் போட்டுட்டு வந்தேன். ஆனா போன வாரம் நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் எனக்கு அது ஒட்டல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

பெரம்பூர்ல என் சித்தப்பா பையன் அனிமேஷன் படிக்கிறான். செகண்ட் ஹேண்ட்ல வாங்குன பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், அதுக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுல போய் புதுசா ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிட்டு வந்துட்டான். மாட்டுனா ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, மானிட்டர் மட்டும் கருப்பு. கார்டைக் கழட்டிட்டு கேபிளை மதர்போர்டுல (தாய்ப்பலகையில) சொருகுனா பழையபடி டிஸ்ப்ளே வருது. சரின்னு கடைக்கே தூக்கிட்டுப் போனா அவங்க டெஸ்ட் மெஷின்ல கார்டு நல்லா ஓடுது. பக்கத்துல இன்னொரு கடையில, போர்டு பழசு தம்பி, இதுக்கு செட் ஆகாது, போர்டு பிராசசர் ராம் மூணையும் மாத்திடுன்னு சொல்லிட்டாங்க. கார்டு வாங்குன காசே சீட்டு எடுத்த காசு. ராத்திரி பத்து மணிக்கு சித்தப்பா எனக்கு போன் பண்றாரு.

நான் சொன்னேன், சித்தப்பா, கார்டும் நல்லாருக்கு போர்டும் நல்லாருக்கு, ஃபர்ம்வேர்தான் பழசு. அந்த பார்ட்டு என்ன விலைடான்னு கேட்டாரு. பார்ட்டு இல்ல சித்தப்பா. அப்போ விண்டோஸ மறுபடி போடணுமா? அதுவும் இல்ல. சரி, நம்ம சொல்லையே சொல்லிப் பாப்போம்னு நிலைபொருள்னு சொன்னேன், போர்டுக்குள்ள நிலைச்சு இருக்குற நிரல், அதை மாத்தணும்னு. ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு அவர் கேட்டது இதுதான்: "நிலைச்சு இருக்குறதுன்னா அப்புறம் எப்படிடா மாத்துவ?"

என்கிட்ட பதில் இல்ல. யோசிச்சுப் பாத்தா நாம அந்தச் சொல்லைப் பேசுறதே பெரும்பாலும் மாத்துற நேரத்துலதான். நிலைபொருள் புதுப்பிப்பு, நிலைபொருள் மேம்படுத்தல்னு எழுதுறோம். முதல் பாதி மாறாதுன்னு சொல்லுது, ரெண்டாவது பாதி மாத்துன்னு சொல்லுது.

இதுல இன்னொண்ணு இருக்கு. ஃபர்ம்வேர்ங்கிற சொல்லை 1967ல ஆஷர் ஓப்ளர் டேட்டாமேஷன் பத்திரிகையில முதல்ல பயன்படுத்துனப்போ மாறாததுங்கிற அர்த்தத்துல சொல்லவே இல்ல. பிராசசருக்குள்ள எழுதக்கூடிய ஒரு நினைவகம் வரும், அதுல ஏத்துற நுண்நிரல் (மைக்ரோகோட்), அது வன்பொருளும் இல்ல மென்பொருளும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுலன்னுதான் அந்தப் பேர் வெச்சாரு. பின்னாடி படிக்க மட்டுமே முடியுற ரோம் சிப்பு காலத்துல, அதுக்கப்புறம் சிப்பைக் கழட்டி புற ஊதா வெளிச்சத்துல வெச்சு அழிச்சாதான் மாத்த முடியும்ங்கிற காலத்துல, நிலையானதுன்னு ஒரு எண்ணம் வந்து ஒட்டிக்கிச்சு. நம்ம தமிழ்ச்சொல் அந்த இடைக்காலத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு. இன்னிக்கு பென்டிரைவ் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

சித்தப்பா பையன் மெஷின்ல நடந்ததையும் சொல்லிடுறேன், இதே சிக்கல்ல இருக்குறவங்களுக்கு உதவும். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே திரையில எழுத்து வரணும்னா, தாய்ப்பலகையோட ஃபர்ம்வேர் போய் கார்டுக்குள்ள இருக்குற சின்ன நிரலை எடுத்து ஓட்டணும். ஆமா, கார்டுக்கும் தனியா ஒரு ஃபர்ம்வேர் இருக்கு, தனி சிப்புல. பழைய போர்டு பழைய பயாஸ் முறையில பேசும், புதுக் கார்டு அதுக்கு அடுத்து வந்த யூஇஎஃப்ஐ முறையை எதிர்பாக்கும். யூஇஎஃப்ஐ தெரிஞ்ச போர்டுலயும் சிஎஸ்எம்னு ஒரு செட்டிங் பழைய முறையை உயிரோட வெச்சிருக்கும், அது ஆன்ல இருந்தா சில புதுக் கார்டு டிஸ்ப்ளேவே தராது. தலைகீழாவும் நடக்கும், ரொம்பப் பழைய கார்டுல யூஇஎஃப்ஐ நிரல் இருக்காது, சிஎஸ்எம்ம ஆஃப் பண்ணுனா அது கருப்பாயிடும்.

ஞாயித்துக்கிழமை போனேன். கார்டைக் கழட்டி போர்டு டிஸ்ப்ளேலயே உள்ள போய் பாத்தா பயாஸ் தேதி வாங்குன நாள்ல இருந்து மாறவே இல்ல. போர்டு மாடலு, அதோட ரிவிஷன் நம்பர் ரெண்டையும் போர்டு மேலயே டார்ச் அடிச்சுப் பாத்து, தயாரிப்பாளர் தளத்துல அதே ரிவிஷனுக்கான ஃபைலா எடுத்து (தப்பான ஃபைல் ஏறுனா போர்டே போயிடலாம்) ஃபேட்32ல ஃபார்மட் பண்ணுன பென்டிரைவ்ல போட்டேன். நடுவுல கரண்ட் போயிடக்கூடாதுன்னு பக்கத்து வீட்டுல யூபிஎஸ் வாங்கிட்டு வந்து மாட்டுன பிறகுதான் ஆரம்பிச்சேன். நாப்பது சதவீதத்துல ட்யூப்லைட் ஒரு தடவ மங்கி வந்துச்சு, யூபிஎஸ் பீப்னு ஒரு சத்தம். பையன் என் தோளைப் பிடிச்சவன் நூறு வர்ற வரைக்கும் விடல. அப்புறம் சிஎஸ்எம்ம ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை இருந்துச்சு. விண்டோஸ் இருக்குற டிஸ்க் எம்பிஆர்ங்கிற பழைய பிரிப்பு முறையில இருந்துச்சு, அதை அப்படியே விட்டா விண்டோஸ் பூட் ஆகாதுங்கிறதால முக்கியமானதை எல்லாம் காப்பி எடுத்துட்டு எம்பிஆர்2ஜிபிடிங்கிற விண்டோஸ் கட்டளையால புது ஜிபிடி முறைக்கு மாத்துனேன். சிஎஸ்எம் ஆஃப், கார்டு மாட்டு, கேபிளை கார்டுல சொருகு, ஆன் பண்ணு. திரை வந்துடுச்சு. ஒரு ரூபா செலவு இல்ல.

அப்போ பையன்கிட்ட போர்டோட ஃபர்ம்வேர் இருக்குற சிப்பைக் காட்டுனேன். பட்டன் பேட்டரிக்குப் பக்கத்துல எட்டுக்கால் வெச்சு, சுண்டுவிரல் நகத்துல பாதி கூட இருக்காது. சித்தி பின்னாடி நின்னு பாத்துட்டு, இதுக்குள்ளயா அது இருக்குன்னு கேட்டாங்க. கையில பால் சொம்பு, உறை ஊத்தப் போய்ட்டு இருந்தாங்க. அங்கதான் எனக்கு உறைபொருள்னு தோணுச்சு.

உறையறதுன்னா ரெண்டு அர்த்தம் வருது, ரெண்டும் இதுக்குப் பொருந்துது. ஒண்ணு, ஓரிடத்துல தங்கி வாழ்றது. உறைவிடம்ங்கிறோம், உண்டு உறைவிடப் பள்ளிங்கிறோம். சிப்புக்குள்ள தங்கி இருக்குற நிரல், சரிதானே. இன்னொண்ணு, பால் தயிரா உறையறது. ஊத்தும்போது ஓடுது, அப்புறம் கெட்டியா நிக்குது, ஆனா கல்லு மாதிரி இல்ல. மென்மைக்கும் வன்மைக்கும் நடுவுல இருக்குற அந்த நிலையை, அதாவது ஓப்ளர் சொன்ன அந்த நடுவாந்தரத்தை, எனக்குத் தெரிஞ்சு வேற எந்தத் தமிழ்ச்சொல்லும் இவ்வளவு நெருக்கமா சொல்லல. ஊறுகாய் மாதிரி இதுவும் வினைத்தொகைதான், உறைந்த பொருள், உறைகிற பொருள், உறையும் பொருள்னு மூணு காலமும் உள்ள இருக்கு, அதனால நடுவுல ப் போடக்கூடாது. (நிலைபொருளுக்கும் இதே கணக்குதான், ஆனா பாதிப் பேர் நிலைப்பொருள்னு எழுதுறோம், அதையும் பாத்துக்கணும்.)

அக்கா ஒருத்தங்க திண்பொருள் சொல்லியிருந்தாங்க. மென்மை, வன்மை, திண்மைன்னு வரிசை அழகா வருது, ஒத்துக்கறேன். ஆனா பள்ளிக்கூடப் புத்தகத்துல திண்மம் நீர்மம் வாயுன்னு படிச்ச பிள்ளைக்கு அது வேற இடத்துக்குப் போயிடும். போன்ல சொன்னா தின்பொருள்னு கேக்கும், முறுக்கு சீடைதான் நினைவுக்கு வரும். உட்பொருளும் கருப்பொருளும் ஏற்கனவே வேற வேலையில இருக்கு, அதுங்கள இழுக்க வேணாம்.

உறைபொருளுக்கும் ஒரு குறை இருக்கு, மறைக்கல. உறைன்னா தலையணை உறை, கடித உறையும் உண்டு, பேக்கிங் சாமானோன்னு யாருக்காவது தோணலாம். மதர்போர்டு பக்கத்துல வர்றப்போ அந்தக் குழப்பம் பெருசா வராதுன்னு நம்புறேன், மத்தவங்க சொல்லுங்க.

சொல் எதுவா இருந்தாலும் ஒரு விஷயத்துல நான் பிடிவாதமா இருக்கேன். போர்டுல ஒண்ணு, கார்டுல ஒண்ணுன்னு இருக்குற ரெண்டு உறைபொருளுக்கும் ரெண்டு பேரு வேணும். ரிச்சி ஸ்ட்ரீட்லயும் சரி நம்ம வழிகாட்டிகள்லயும் சரி, பயாஸ் அப்டேட் பண்ணுன்னு மொட்டையா சொல்றோம். எதோட பயாஸ்? 2018ல கிராபிக்ஸ் கார்டு கம்பெனி என்விடியா ஒரு அப்டேட் கருவி வெளியிட்டுச்சு, டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 இணைப்பு இருக்குற மானிட்டர்ல விண்டோஸ் வர்ற வரைக்கும் திரை கருப்பா இருக்குற சிக்கலுக்கு, அது கார்டோட நிரலை மாத்துறது. 2020ல ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி கார்டு கடைக்கு வர்ற நேரத்துல புது நிரல் குடுத்து நினைவக வேகத்தை நொடிக்கு 12ல இருந்து 14 ஜிகாபிட்டுக்கு ஏத்துனாங்க, அதுவும் கார்டோடது. 2021ல என்விடியா கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் வந்தப்போ, அதாவது பிராசசர் கார்டு நினைவகத்தை 256 மெகாபைட் ஜன்னல் வழியா எட்டிப் பாக்காம முழுசா பாக்குற வசதி, ஏற்கனவே வித்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டு பலதுக்கு கார்டு நிரலையும் மாத்தணும், பல போர்டுல போர்டு நிரலையும் மாத்தணும். ரெண்டுல ஒண்ணை மட்டும் மாத்திட்டு வரலையேன்னு கேட்டவங்களுக்கு நானே எத்தனையோ தடவ பதில் எழுதியிருக்கேன்.

அதனால பலகை உறைபொருள், அட்டை உறைபொருள்னு பிரிச்சே எழுதலாம்னு சொல்றேன். சுருக்கமாவும் இருக்கு, எதைத் தொடணும்னு படிக்கும்போதே தெரியும். நேத்து கடையில ஒருத்தருக்கு சர்வீஸ் சீட்டுல "பலகை உறைபொருள் மாத்தியாச்சு, அட்டை உறைபொருள் தொடல"ன்னு எழுதிக் குடுத்தேன். அவர் படிச்சுட்டு, அப்போ அட்டையில இருக்குறது பழசாவே இருக்கட்டுமா, அதையும் மாத்தணுமான்னு கேட்டாரு. டிஸ்ப்ளே வருது, வேற கோளாறு இல்ல, அதனால வேணாம்னு சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டு சீட்டை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு.

சிஎஸ்எம்முக்கு இன்னும் எனக்கு ஒண்ணும் சரியா அமையல. பழமுறை ஆதரவுன்னு எழுதிப் பாத்தேன், பழமுறைன்னதும் பழமுதிர் நிலையம் மாதிரி கேக்குது. யாருக்காவது தோணுனா எழுதுங்க.