விடுகதையும் புதிரும் ஒன்றுதானா?

கேள்வி:
ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கான பயிற்சித்தாள் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். விடுகதைகளையும் புதிர்களையும் ஒரே தலைப்பின்கீழ்ச் சேர்த்துவிடலாம் என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இலக்கண நூல்களில் வரும் ‘பிசி’ என்பதும் இதுதானா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. புதிர் என்பது பரந்த சொல். குறுக்கெழுத்தும் கணக்கும் அதில் அடங்கும். பிடிபடாத ஒருவருடைய போக்கைக்கூடப் ‘புதிராக இருக்கிறது’ என்கிறோம். விடுகதையோ ஒரு பொருளின் பெயரை மறைத்து, அதை வேறொன்றாக்கிக் காட்டுவது. “கூரை வீட்டைப் பிரித்தால் ஓட்டு வீடு, ஓட்டு வீட்டுக்குள்ளே வெள்ளை மாளிகை, வெள்ளை மாளிகைக்குள்ளே குளம்” என்று போடும்போது, மட்டை, ஓடு, பருப்பு, நீர் என்று தேங்காயை உரித்து உடைக்கும் வரிசை சற்றும் பிசகாமல் அதற்குள் வந்துவிடுகிறது. உரிப்பதை அருகிலிருந்து பார்த்த பிள்ளைக்கு வேறு குறிப்பே தேவையில்லை. பொருளை இவ்வளவு உற்றுப் பார்க்கச் செய்யும் வேலையைக் கணக்குப் புதிர் செய்வதில்லை. அதன் பயன் வேறு.

மறுமொழி 2:
பிசி என்பது விடுகதைதான். தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் ஆகியவற்றோடு பிசியையும் சேர்த்து எண்ணுகிறது என்பதே அதற்கு இருந்த மதிப்பைக் காட்டும். “ஒப்பொடு புணர்ந்த உவமத் தானும் தோன்றுவது கிளந்த துணிவி னானும்” என்று அதை இரு வகையாகவும் பிரிக்கிறது; அதாவது உவமையால் அமைவது ஒன்று, தோன்றுவதைச் சொல்லி விடையைத் துணிய வைப்பது மற்றொன்று. உவமையால் அமையும் முதல் வகைக்கு உரையில் காட்டப்படும் எடுத்துக்காட்டு, “பிறை கவ்வி மலை நடக்கும்” என்பது. தந்தம் பிறையாகிறது, உடல் மலையாகிறது, விடை யானை. நான்கே சொற்களில் இத்தனை பெரிய காட்சி! இதை உங்கள் தாளில் அவசியம் சேருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மறுமொழி 3:
ஈழத்தில் விடுகதையை ‘நொடி’ என்றும் சொல்வோம். நெல்லை, குமரிப் பக்கத்தில் ‘அழிப்பாங்கதை’ என்பார்கள். யாழ்ப்பாணத்தவருக்குப் ‘புதிர்’ என்றதும் புதுநெல்லும் நினைவுக்கு வரும்; தைப்பூசத்தையொட்டி வயலில் முதற்கதிரை அறுத்துக் கோயிலுக்குக் கொண்டுசெல்லும் ‘புதிர் எடுத்தல்’ இன்றும் நடைபெறுகிறது. ஆகவே தலைப்பு விடுகதை என்றே இருக்கட்டும். விடைகளை அதே தாளில் அச்சிட வேண்டாம். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் போட்டுப் பார்க்கட்டும், அவர்கள் பதிலுக்குப் போடும் விடுகதைகளை எழுதிவரச் சொல்லுங்கள்.