ஜேட் பூனைக்கு ஆகுமா ஆகாதா? பால்கனியில் இருப்பதில் எதை எடுக்க, எதை விட?

மாடிவீடு_மதுரை:
நாலு மாதக் குட்டிகள் இரண்டு வீட்டுக்கு வருகின்றன. பால்கனியில் இருப்பவை: சோற்றுக்கற்றாழை, சிவப்புப் பூ கலஞ்சோ, ஜேட், ஸ்நேக் பிளான்ட், அடீனியம், தொங்குதொட்டியில் ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ், ஹவோர்த்தியா இரண்டு, எச்சிவேரியா ஒன்று. ஜேட் நஞ்சு என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறது. யானையே தின்கிற செடி, பயமில்லை என்று இன்னோரிடத்தில். எது சரி? எல்லாவற்றையும் உயரத்தில் ஏற்றி வைத்தால் போதாதா?

கள்ளிக்காடு:
இரண்டும் சரிதான், ஏனென்றால் அவை இரண்டு வேறு செடிகள். நம்மூர் நர்சரியில் ‘ஜேட்’ என்று கொடுப்பதில் முக்கால்வாசி போர்ச்சுலகேரியா ஆஃப்ரா. தென்னாப்பிரிக்காவில் ஆடும் யானையும் மேய்வது இதைத்தான். பூனைக்கு ஒன்றும் செய்யாது. நஞ்சுப் பட்டியலில் இருக்கும் ஜேட், கிராசுலா ஓவாட்டா. அதைத் தின்றால் வாந்தி, சோர்வு, நடை தள்ளாட்டம் வரும்.

இலையை அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு செ.மீ. அளவில் வட்டமாக, இளந்தண்டு செம்பழுப்பாக இருந்தால் போர்ச்சுலகேரியா. இலை 3 செ.மீ.க்கு மேல், தடித்து, ஓரத்தில் சிவப்புக் கோடு, இளந்தண்டு பச்சையாகச் சதைப்பற்றோடு இருந்தால் கிராசுலா.

கலஞ்சோவையும் அடீனியத்தையும் குட்டிகள் வருவதற்கு முன்பே வெளியேற்றுங்கள், இதில் பேச்சே இல்லை. இரண்டிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. அடீனியம் அரளிக் குடும்பம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் அதன் சாற்றைத் தடவினார்கள். கலஞ்சோவில் பூவில்தான் நஞ்சு அதிகம், குட்டி முதலில் தட்டி விளையாடுவதும் பூவைத்தான். சிறுநீரகக் கல்லுக்கென்று வளர்க்கும் ரணகள்ளியும் கலஞ்சோ இனமே. அதன் ஓர் இலை பக்கத்துத் தொட்டியில் விழுந்தாலே விளிம்பில் குட்டிச்செடிகள் முளைக்கும், எல்லாத் தொட்டியையும் கிளறிப் பாருங்கள். பஞ்சுபோல் ரோமம் உள்ள பாண்டா பிளான்ட்டும் அதே இனம். எச்சிவேரியாவோடு கலந்து விற்பார்கள், ஏமாறாதீர்கள்.

ஹவோர்த்தியா, எச்சிவேரியா இரண்டுக்கும் பயமில்லை. ஆனால் உங்களிடம் இருப்பது ஹவோர்த்தியாதானா? குட்டையான கற்றாழை ரகங்கள் அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். அடியிலை ஒன்றை அறுத்து வெள்ளை டிஷ்யூவில் பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள். மஞ்சள் கறை படிந்தால் கற்றாழை. பூனையின் வயிற்றைக் கெடுப்பது நடுவில் உள்ள சோறு அல்ல, தோலை ஒட்டிக் கசியும் அந்த மஞ்சள் பால்தான். உண்ணி கடித்த இடத்தில் கற்றாழையைத் தேய்த்துவிடுகிறார்கள். பூனை நக்கி எல்லாம் உள்ளே போய்விடும்.

‘பால் வந்தால் நஞ்சு’ என்ற கணக்கை அரைகுறையாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். திருகுகள்ளி போலப் பால் வடிவதை வீட்டுக்குள் விடக்கூடாது, சரி. கலஞ்சோவில் பால் வராது.

கூழாங்கல்:
உயரம் பயன்படாது. வளர்ந்த பூனை நின்ற இடத்திலிருந்தே ஒன்றரை மீட்டர் தாவும், ஜன்னல் கம்பி இருந்தால் அதற்கும் மேலே. ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸைத் தொங்கவிடுவது இன்னும் மோசம், முத்துப்போன்ற இலைகள் உதிர்ந்து தரையில் உருளும். குட்டிக்கு அது கோலிக்குண்டு. கதவு மூடுகிற அறை இருந்தால் அங்கே வையுங்கள், இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஸ்நேக் பிளான்ட் கசப்பு, கடித்தாலும் பெரும்பாலும் வாந்தியோடு நிற்கும். ஆனாலும் நுனி கடிபட்ட தடம் தெரிந்தால் எடுத்துவிடவும்.

மிஞ்சும் தொட்டிகளில் மண் மேல் 3 செ.மீ. கனத்துக்குக் கூழாங்கல் பரப்புங்கள். பொடிக்கல் வேண்டாம், அதையும் தோண்டி மலம் கழிக்கும். எலுமிச்சையளவு கல் என்றால் கால் வைக்காது. அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். உரமும் பூச்சிமருந்தும் கரைந்த அந்த நீரைப் பூனை குடிக்கும். மாவுப்பூச்சிக்கு வேர்வழி ஏறும் மருந்து போட்டிருந்தால் ‘பாதுகாப்பான’ செடியின் இலையிலும் அது இருக்கும். புதிதாக வாங்குவதைச் சில வாரம் தனியே வைத்துவிட்டு உள்ளே எடுப்பது நல்லது.

பூனை அண்டாமலிருக்க அந்துருண்டை போடச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம், கற்பூரமும் வேண்டாம். செடியைவிட அவைதான் கேடு.

கடிக்க வேறேதாவது கொடுங்கள். ஒரு கைப்பிடி கோதுமையை இரவு ஊறவைத்து, 5 செ.மீ. தென்னைநார்க் கழிவின்மேல் நெருக்கமாகப் பரப்பினால் பத்து நாளில் சாண் உயரப் புல். பூஞ்சை வந்தால் தூக்கிப்போட்டு அடுத்த தட்டு. தொட்டியில் தானாக முளைக்கும் குப்பைமேனியைப் பிடுங்கிவிடுங்கள். அதற்குப் பூனைவணங்கி என்று சும்மா பேர் வைக்கவில்லை. வேர் வாசனைக்கு அங்கேயே வந்து உருளும், அப்படியே பக்கத்துச் செடியையும் மென்றுவைக்கும்.

மாடிவீடு_மதுரை:
நன்றி. இலை ஒன்றரை செ.மீ., தண்டு செம்பழுப்பு, ஆக ஜேட் தப்பித்தது. ஹவோர்த்தியாவில் ஒன்று மஞ்சள் கறை விட்டது! ஒருவேளை தெரியாமல் கடித்துவிட்டால் வீட்டில் முதலில் என்ன செய்ய?

வால்முளை:
வாந்தி எடுக்க வைக்க முயலவே கூடாது. உப்புத்தண்ணீர், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் பூனைக்கு ஆகாது. பெராக்சைடு இரைப்பையைப் புண்ணாக்கிவிடும். பாலும் முறிவு மருந்தல்ல. வாயில் ஒட்டியிருக்கும் இலையை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கடிபட்ட கிளையைப் பூவோடு ஒரு பையில் போட்டு, எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எவ்வளவு தின்றது என்று எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கலஞ்சோ, அடீனியம் என்றால் பூனை விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். எச்சில் வடிதல், வாந்தி முதலில் வரும், இதயத்துடிப்பு தாறுமாறாவது பிறகுதான். கரித்தூள் கொடுப்பதும் இ.சி.ஜி. பார்ப்பதும் அவர்கள் வேலை. வீட்டில் கரியைக் கரைத்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கள்ளிப்பால் ரோமத்தில் பட்டால் தண்ணீர் மட்டும் போதாது, பிசின் போல ஒட்டும். கையுறை போட்டு, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி இளக்கி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டில் அலசுங்கள். அதுவரை நக்கவிடாமல் துண்டில் சுற்றிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். கண்ணில் பட்டால் வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரை 15 நிமிடம் மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்து, அப்படியே கண் சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

அந்த மஞ்சள் கறை விட்ட தொட்டியை சோற்றுக்கற்றாழையோடு சேர்த்து மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுங்கள். மாடிக்கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.