வியாசர்பாடிப் பக்கத்து இளைஞர் மையங்கள்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

கணக்குப் பாடம் எடுக்கும் உறுப்பினர்:

வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். 1997ஆம் ஆண்டிலேயே தங்கராஜ், உமாபதி ஆகிய இருவர் அங்குள்ள பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி, கால்பந்தையும் படிப்பையும் ஒன்றாக நடத்திக் காட்டினார்கள். அந்த வழியில் நடக்கும் சிறிய மையம் ஒன்றில் நான் மாலை வகுப்பு எடுக்கிறேன். பந்தைக் காட்டிப் பிள்ளைகளைப் படிப்புக்கு இழுக்கிறீர்கள் என்று பார்க்க வருபவர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசும் உரிமையைப் பந்து தருகிறதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எட்டாம் வகுப்போடு நின்று, தண்ணீர்க் கேன் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன் ஒருவன் எங்கள் அணியில் இடது ஓரத்தில் ஆடினான். வயது வரம்புள்ள போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுக்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அவன் அம்மா பீரோவின் அடித்தட்டில் புடவைகளுக்குக் கீழே வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். தேதி, மருத்துவமனை, பெற்றோர் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. பிறப்பைப் பதிந்ததோடு விட்டுவிட்ட குடும்பங்கள் இங்கே அநேகம். பதிவு செய்து 15 ஆண்டுகளுக்குள் பெயரைச் சேர்க்கலாம் என்பதால், எங்கள் சமூகப் பணியாளர் அக்கா அந்த அம்மாவை மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு அழைத்துப் போய்ப் பெயரைச் சேர்த்துவிட்டார். வரிசையில் நின்றபோதுதான், கணவரின் குடியையும் வட்டிக் கடனையும் அந்த அம்மா மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார். பையன் பள்ளியை விட்டதற்குக் காரணம் அதுவே. கடனுக்கு ஒரு வழி செய்த பிறகு அவன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான். போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம். அது வேறு கதை.

பறை கற்றுக்கொடுக்கும் உறுப்பினர்:

இசையைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். 2017இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு உருவாகி, கானாவும் பறையும் பெரிய மேடை ஏறிய பிறகு, எங்களிடம் வரும் பிள்ளைகள் தோளில் பறையை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க அவ்வளவாகக் கூசுவதில்லை. ஆனால் கை ஓரளவு பழகியதும் சாவு மேளக் குழுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் கூலி வீட்டுக்கு உண்மையாகவே உதவுகிறது. அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. குழுத் தலைவரிடம் நேரில் பேசி, பள்ளி நாளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைப்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். சில வாரங்களில் அந்தப் பேச்சு மீறப்படுகிறது. மீண்டும் போய்ப் பேசுகிறேன்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதிய இருவரும் பையன்களைப் பற்றியே சொல்லியிருக்கிறீர்கள். இருட்டிய பிறகு மைதானத்தில் நிற்கப் பெண் பிள்ளைகளை எந்த வீட்டிலும் விடுவதில்லை. எங்கள் மையத்தில் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது கேரம்தான். இந்தப் பக்கத்துப் பெண்ணான காசிமா, ஆட்டோ ஓட்டும் தந்தையிடம் பயின்று, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற பிறகு, அம்மாக்களே பெண்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். டியூப் லைட்டுக்குக் கீழே பலகையைப் போட்டு, போரிக் பவுடரைத் தூவி, எட்டு மணி வரை ஆடுகிறார்கள். அடுத்த அறையில் வீட்டுப்பாடம் நடக்கிறது. அழைத்துப் போக வரும் அம்மாக்கள் வாசலில் காத்திருக்கும் நேரத்தில்தான் எங்கள் ஆலோசகர் அவர்களோடு பேசுகிறார். தனியாகக் கூட்டம் போட்டு அழைத்தபோது மூன்று பேருக்கு மேல் வந்ததே இல்லை. நல்ல பலகை விலை அதிகம் என்பதால், பழைய பலகை வைத்திருப்பவர்கள் கொடுத்தால் வந்து எடுத்துக்கொள்கிறோம்.