ஃப்ரீமேசன் லாட்ஜில் முனைப்பான உறுப்பினர் என்றால் யார்? பதவி ஏற்கத்தான் வேண்டுமா?

மலைக்கோட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் லாட்ஜ் (உள்ளூர்க் கிளை) ஒன்றில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. மூன்று படிகளையும் கடந்து மாஸ்டர் மேசன் என்ற முழு உறுப்பினர் ஆகிவிட்டேன். மாதம் ஒரு முறை கறுப்புக் கோட்டு அணிந்து, சடங்கில் இடுப்பில் கட்டும் ஏப்ரன் உள்ள பையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறேன். என் இடத்தில் அமர்ந்து சடங்கைக் கவனிக்கிறேன், பிறகு எல்லாருடனும் விருந்துண்டு வீடு திரும்புகிறேன். சந்தா பாக்கி எதுவும் இல்லை.

சென்ற மாதம் எங்கள் செயலர் என்னைத் தனியே அழைத்து, வரும் ஆண்டில் இன்னர் கார்டு என்ற கதவுக் காவலர் பொறுப்பை ஏற்க முடியுமா என்று கேட்டார். அதை ஏற்றால் ஜூனியர் டீக்கன், சீனியர் டீக்கன், இரண்டு வார்டன் பதவிகள் என்று ஆண்டுக்கு ஒரு படியாக ஏறி, ஆறாம் ஆண்டில் லாட்ஜின் தலைவரான மாஸ்டரின் நாற்காலிக்கு வர வேண்டியிருக்கும். எனக்கு வங்கியில் வேலை. மாலை ஏழரைக்கு முன்னால் வீட்டுக்கு வந்த நாள்கள் குறைவு. மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். பக்கம் பக்கமாக உள்ள ஆங்கில உரைகளை மனப்பாடம் செய்து நூலைப் பார்க்காமல் ஒப்பிக்க என்னால் இயலுமா என்ற அச்சமும் இருக்கிறது. மறுத்துவிட்டால், வந்து உண்டு செல்பவன் என்ற பெயர் நிலைத்துவிடுமோ என்றும் தயங்குகிறேன். லாட்ஜில் முனைப்பாக இருப்பது என்றால் பதவிகளில் ஏறுவது மட்டும்தானா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

எழும்பூர்ப் பெரியவர் எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். நான் நாற்காலியில் அமர்ந்து இறங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்னை எத்திராஜ் சாலையில் உள்ள ஃப்ரீமேசன்ஸ் மண்டபத்தில்தான் எங்கள் கூட்டம் நடக்கிறது. உங்கள் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். அது எனக்கும் இருந்தது.

நான் ஜூனியர் டீக்கனாக இருந்த ஆண்டில், புதிதாகச் சேரும் ஒருவரின் கையைப் பிடித்து அறையைச் சுற்றி நடத்திச் செல்லும் பணி முதன்முறையாக எனக்கு வந்தது. அந்த நேரத்தில் அவருடைய கண்கள் கட்டப்பட்டிருக்கும் என்பது நூல்களிலேயே அச்சாகியிருக்கும் செய்தி; ஆகவே அதைச் சொல்வதில் தவறில்லை. அவர் ஓர் அரசுப் பொறியாளர், என்னைவிட வயதில் மூத்தவர். நான் பிடித்திருந்த கை சில்லிட்டு இருந்தது. சீனியர் வார்டன் முன்னால் நின்றபோது நான் சொல்ல வேண்டிய வரி எனக்கு மறந்துபோயிற்று. நான் நின்ற அந்தச் சில நொடிகளில் அவருடைய விரல்கள் என் விரல்களை இறுக்கிப் பிடித்தன. ஏதோ தவறு நடந்துவிட்டது, அது தன்னால்தான் நடந்தது என்று அவர் எண்ணியிருக்கிறார்; பிறகு விருந்தின்போது அவரே அதைச் சொன்னார். மனப்பாடம் எதற்காக என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. அவருடைய வாழ்வில் ஒரே ஒரு முறை வரும் மாலை அது. கண் தெரியாமல் நிற்கும் ஒருவருக்கு நம் குரல் ஒன்றுதான் வழி. அந்தக் குரல் தடுமாறக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பயிற்சியும்.

அடுத்த நாளிலிருந்து தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கும்வரை ஒரு பத்தி என்று வைத்துக்கொண்டேன். உரையைப் பொருள் புரிந்து தமிழில் எனக்கு நானே ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஆங்கிலச் சொற்களைப் பிடிப்பேன். பொருள் பிடிபட்டால் சொல் தானே வந்து நிற்கும். லண்டனில் எமுலேஷன் என்ற பயிற்சி லாட்ஜ் 1823-இலிருந்து நடந்துவருகிறது. அங்கே பிறர் சொல் எடுத்துக்கொடுக்காமல் மாஸ்டரின் பணியை முழுவதுமாகச் செய்து காட்டுபவருக்கு வெள்ளித் தீப்பெட்டி பரிசளிக்கிறார்கள். நமக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை. மனப்பூர்வமாகச் சொன்னால் போதும். இன்னர் கார்டுக்கு உள்ள வரிகள் மிகவும் குறைவு. கதவைக் காத்து, தட்டும் ஓசைக்கு மறுமொழி தந்து, வந்திருப்பவர் யார் என்று அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். சடங்கு முழுவதையும் மிக அருகிலிருந்து கவனிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நீங்கள் திருச்சிக்காரர் என்று பெயரிலிருந்து ஊகிக்கிறேன். 1770-களில் ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா மேசனாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது உங்கள் ஊரில்தான். லாட்ஜ்களின் தலைமை அமைப்பான இங்கிலாந்தின் கிராண்ட் லாட்ஜ் அவருக்கு ஓர் ஏப்ரனையும் விதிநூலையும் அனுப்பிவைத்தது. இன்று கீதையும் குர்ஆனும் பைபிளும் ஒரே பீடத்தில் வைக்கப்பட்டிருக்கும் அறையில் நாம் அமர்கிறோம். மத விவாதமும் அரசியல் விவாதமும் அங்கே தலைகாட்டாமல் பார்த்துக்கொள்வதும் முனைப்பான உறுப்பினரின் வேலைதான். அதற்குப் பதவி வேண்டியதில்லை. விருந்து மேசையில் யாராவது தேர்தல் பேச்சை எடுக்கும்போது இதமாகப் பேச்சை மாற்றத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு லாட்ஜுக்கும் தேவை.

பொன்மலை மகள் எழுதியது:

நான் உறுப்பினர் அல்ல. எங்கள் அப்பா உறுப்பினராக இருந்தார். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு வெளியிலிருந்து பார்த்த ஒருத்தியின் பதிலும் உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

அப்பா ரயில்வே பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பின் லாட்ஜிலிருந்து பலர் வந்து துக்கம் விசாரித்தார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகும் தொடர்ந்து வந்தவர் ஒருவர் மட்டுமே. அவரை ஆல்மனர் என்று சொல்வார்களாம். நோயுற்றவர்களையும் மறைந்த உறுப்பினர்களின் குடும்பங்களையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை மாலை மிதிவண்டியில் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்தப் படிவம், எத்தனை நகல், எங்கே கையொப்பம் என்பதை அம்மாவுக்குப் பென்சிலால் குறித்துக் கொடுத்தவர் அவர். நவம்பர் வந்தால் வாழ்நாள் சான்றிதழுக்காக ஆட்டோ வைத்து அம்மாவை அழைத்துச் செல்வார். பணமாக எதுவும் கொடுத்ததில்லை. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. அம்மாவுக்குத் தேவைப்பட்டது, அப்பாவின் பெயரைச் சொல்லி அரைமணி நேரம் பேச ஓர் ஆள்.

அவர் மாஸ்டராக இருந்தாரா என்பது எங்களுக்கு இன்றும் தெரியாது. அம்மா கேட்டதும் இல்லை.

திரும்பிவந்தவன் எழுதியது:

மலைக்கோட்டைவாசிக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. நான் இதில் அளவு மீறிப்போனவன். சேர்ந்த ஐந்தாம் ஆண்டிலேயே செயலர் பொறுப்பு, அத்துடன் ராயல் ஆர்ச், மார்க் என்று மேசன்களுக்கான வேறு அமைப்புகளிலும் உறுப்பினர். 1961-இல் இந்தியாவுக்கெனத் தனி கிராண்ட் லாட்ஜ் அமைந்த பிறகும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து கிராண்ட் லாட்ஜ்களின் கீழேயே தொடர்ந்த லாட்ஜ்கள் சில உண்டல்லவா, அவற்றுக்கும் விருந்தினராகப் போவேன். மாதத்தில் ஒன்பது மாலைகள் வெளியில் கழிந்த காலம் இருந்தது. என் மகளின் பள்ளி ஆண்டுவிழாவன்று அவள் மேடையில் ஆடிக்கொண்டிருந்தபோது நான் இன்னொரு ஊரில் பதவியேற்பு விழாவில் இருந்தேன். அவள் அழவில்லை. அடுத்த ஆண்டு அழைப்பிதழை என்னிடம் காட்டவே இல்லை.

அதன் பிறகு எல்லாவற்றிலிருந்தும் விலகி இரண்டு ஆண்டுகள் ஒதுங்கியிருந்தேன். என்னைத் திரும்ப அழைத்து வந்தது நாம் முதல் நாளே கற்ற பாடம்தான். நமக்குத் தரப்படும் கருவிகளில் முதலாவது 24 அங்குல அளவுகோல். அது நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கிறது: ஒரு பகுதி இறைவனுக்கு, ஒரு பகுதி உழைப்புக்கும் ஓய்வுக்கும், ஒரு பகுதி துன்பத்தில் இருக்கும் நண்பனுக்கு. அந்தக் கடைசிப் பகுதிக்கு ஒரு வரம்பும் அந்த வாசகத்திலேயே இருக்கிறது: தனக்கும் தன்னைச் சார்ந்தவர்களுக்கும் கேடு வராத அளவில். அதைப் பிறருக்கு மனப்பாடமாகச் சொன்ன நான், எனக்கென்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே, மகனின் பொதுத்தேர்வு முடியும்வரை பொறுப்பு வேண்டாம் என்று செயலரிடம் தயங்காமல் சொல்லுங்கள். நானும் செயலராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: முடியாது என்று முன்கூட்டியே சொல்பவரால் ஒரு தொல்லையும் இல்லை. ஏற்றுக்கொண்டுவிட்டு, கூட்டத்தன்று மதியம் தொலைபேசியில் வர இயலாது என்பவரால்தான் சடங்கு தடுமாறும். இடைப்பட்ட காலத்தில் ஸ்டூவர்டுகளுக்கு உதவலாம். விருந்தில் இலை போடுவது, பரிமாறுவது, புதியவர் தனியே நின்றால் அருகில் போய் அமர்வது எல்லாம் அதில் அடங்கும்.

எழும்பூர்ப் பெரியவர் எழுதியது:

மேலே சகோதரர் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். மேசனாகச் சேர்ந்த முதல் நாளில், கையில் காசு ஒன்றும் இல்லாமல் நிற்கும்போது உங்களிடம் ஒன்று கேட்கப்பட்டதே, நினைவிருக்கிறதா? அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். அன்று உங்களுக்கு எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பொன்மலை மகள் எழுதிய அந்த மிதிவண்டிக்காரர் அதை மறக்காதவர்.

மலைக்கோட்டைவாசி எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் மிக்க நன்றி. அந்தக் கேள்வி நினைவிருக்கிறது, ஐயா. இன்று காலை செயலரிடம் பேசினேன். மகனின் தேர்வைச் சொல்லி, பதவியை ஓராண்டு தள்ளிவைக்கக் கேட்டேன், உடனே ஒத்துக்கொண்டார். கூடவே, சில மாதங்களாகக் கூட்டத்துக்கு வராத மூத்த உறுப்பினர் யாரேனும் உண்டா என்று கேட்டேன். தில்லைநகரில் ஒருவர் இருக்கிறாராம், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு படி இறங்குவதில்லையாம். மூன்று ஆண்டுகளாக அவருக்கு எதிர் வரிசையில் அமர்ந்திருந்த எனக்கு இது தெரியாமல் போயிற்று. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வருவதாக அவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். வரும்போது ரிச்சுவல் புத்தகத்தையும் எடுத்து வரச் சொன்னார். இன்னர் கார்டு வரிகளை அவரே சொல்லித்தருவாராம்.