ஃப்ளாட்வவுண்ட், ரவுண்ட்வவுண்ட்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

வணக்கம் மக்களே,

இந்த இழைல வந்த மடல் எல்லாத்தையும் படிச்சேன். பேஸ் கிட்டார் தந்திய, உள்ள ஓடற கம்பி மேல தட்டையான பட்டையச் சுத்தியும் செய்யறாங்க (ஃப்ளாட்வவுண்ட்), உருண்டைக் கம்பியச் சுத்தியும் செய்யறாங்க (ரவுண்ட்வவுண்ட்). இதுங்களுக்குத் தமிழ்ல 'தட்டைச்சுற்று', 'வட்டச்சுற்று'ன்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டாப்ல தெரியுது. எனக்கு இதுல ஒப்புதல் இல்ல. ஏன்னு கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

> ரவுண்ட்னா வட்டம், ஃப்ளாட்னா தட்டை. நேரா இருக்கே, இதுல என்ன குழப்பம்?

குழப்பமே அங்கதான். ஒரு கம்பி மேல எதைச் சுத்தினாலும் அது வட்டமாத்தானே சுத்தும், சதுரமாவா சுத்தப்போகுது? அப்ப 'வட்டச்சுற்று'ன்னு கேக்கறவங்க சுத்தற பாதையத்தான் நினைப்பாங்க, ஆனா இங்க வட்டமா இருக்கறது சுத்தற கம்பியோட குறுக்குவெட்டு, பாதை ரெண்டு வகையிலயும் ஒண்ணுதான். போதாததுக்கு நடுவுல ஓடற உள்கம்பியிலயே வட்டம், அறுகோணம்னு ரெண்டு இருக்கு. வட்ட உள்கம்பி மேல பட்டையச் சுத்தின தந்தியும் விக்கறாங்க, அதப் போய் 'வட்ட உள்கம்பித் தட்டைச்சுற்று'ன்னு எழுதினா படிக்கறவங்களுக்குத் தலைதான் வட்டமா சுத்தும்.

அதனால சுத்து எப்படி இருக்குன்னு பாக்காம, எதைச் சுத்தியிருக்குன்னு பாத்துப் பேர் வைக்கலாம்ங்கறது என் கட்சி.

ஃப்ளாட்வவுண்ட் = பட்டைச்சுற்று
ரவுண்ட்வவுண்ட் = கம்பிச்சுற்று
டேப்வவுண்ட் = நாடாச்சுற்று

பட்டைங்கறது தச்சுப்பட்டறையில இருந்து லேத் வரைக்கும் எல்லாரும் சொல்ற வார்த்தை, மெல்லிசா தட்டையா நீளமா இருக்கற எதையும் பட்டைன்னுதான் சொல்றோம். ஃப்ளாட்வவுண்ட்ல சுத்தறது அந்த மாதிரி உலோகப் பட்டைதான், பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கம்பிச்சுற்றுல உருண்டைக் கம்பி. நிக்கல் பூசின எஃகு, தனி நிக்கல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு வகைவகையா வருது. நாடாச்சுற்றுல மேல நைலான் நாடா. நைலான்னா பிக்கப் (தந்தி அதிர்வ மின்சாரமா மாத்தற காந்தச் சாதனம்) எடுக்குமான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க, எடுக்கும், உள்ள இருக்கறது எஃகுதான, காந்தத்துக்கு அது போதும்.

> தந்திய நாம கம்பின்னும் சொல்றோமே, அப்ப 'கம்பிச்சுற்று' குழப்பாதா?

நல்ல கேள்வி, இதுக்கு ஒரு வழி பண்ணிக்கணும். வாசிக்கற முழுப்பொருள் தந்தி, அத செய்யற மூலப்பொருள் கம்பி. வீணைக்காரங்க தந்தின்னு சொல்றத அப்படியே எடுத்துக்கலாம். நரம்புங்கறது யாழ்க் காலத்துல இருந்து வர்ற அழகான சொல்தான், இல்லங்கல, ஆனா ஆட்டுக்குடல்ல செய்யற பழைய டபுள் பேஸ் தந்தி பத்தி எழுதறப்ப ஒரு சொல் வேணும் பாருங்க, அதுக்கு நரம்ப ஒதுக்கி வச்சுக்கலாம். உள்ள ஓடறது உள்கம்பி, மேல வர்றது சுற்று. இது அஞ்சையும் பிரிச்சு வச்சுட்டா மீதி எல்லாம் தானா அமையும்.

மரைத்தந்தி, வழுவழுதந்தின்னு ஒரு யோசனை வந்துச்சு. கம்பிச்சுற்று மேல விரல வச்சா திருகாணி மரை மாதிரி நெருடும்ங்கறது உண்மைதான், கேக்கவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா மரைன்னா திருகி உள்ள போறதுன்னு அர்த்தம் ஆயிடும், வழுவழுன்னா நாடாச்சுற்றும் வழுவழுதான், மேல உறை பூசின கம்பிச்சுற்றும் ஓரளவு வழுவழுதான். தொட்டா எப்படி இருக்குங்கறது விளைவு, எதைச் சுத்தியிருக்குங்கறது காரணம். காரணத்துல பேர் வச்சா, புதுசா தந்தி தேடறவங்களுக்கு எதை எடுக்கலாம்ங்கறதும் பாதி விளங்கிடும். அதைத்தான் இப்ப சொல்லிப் பாக்கறேன்.

முதல்ல ஏன் சுத்தணும்? பேஸ்ல ஈ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், ஏ 55, நீளம் வழக்கமா 34 அங்குலம். இவ்வளவு கீழ போகணும்னா தந்தி கனமா இருக்கணும். ஒத்தைக் கம்பியவே தடியாப் போட்டா அது கம்பியா இருக்காது, கடப்பாறையா இருக்கும். வளையவே வளையாது, மேற்சுரம் (ஓவர்டோன், அடிச்சுரத்தோட கூடவே மேல கேக்கற சுரங்க) எல்லாம் சேர வேண்டிய இடத்துல சேராம சுருதி விலகிடும். அதனால மெல்லிசு உள்கம்பி மேல சுத்தி எடைய மட்டும் ஏத்தறாங்க. கனம் வந்துடும், விறைப்பு அந்த அளவுக்கு வராது.

இப்ப உருண்டைக் கம்பிய சுத்தினா சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல மேல பள்ளம் விழும். தந்தி நல்லா வளைஞ்சு ஆடும், மேற்சுரம் நிறைய வரும், அதான் கணீர்னு கேக்குது, கார்வையும் அதிகம் (சஸ்டெய்னுக்கு, அதாவது சத்தம் நின்னு ஒலிக்கறதுக்கு, கார்வைன்னே வச்சுக்கலாம்னு நினைக்கறேன், அதுக்குத் தனி மடல் போடறேன்). ஸ்லாப் (கட்டைவிரலால தந்திய அடிச்சு) வாசிக்கறவங்க கம்பிச்சுற்ற விட்டு நகராததுக்குக் காரணம் இதுதான். ஆனா அதே பள்ளத்துலதான் வேர்வை, அழுக்கு, தோல் துணுக்கு எல்லாம் போய் அடையும், அடைய அடைய மேற்சுரம் செத்துப்போய் சத்தம் மந்தமாயிடும், அப்பறம் சில பேர் தந்திய ஸ்பிரிட்ல ஊறப்போட்டு உயிர் குடுக்கப் பாப்பாங்க. விரல இழுத்தா கீச்சுன்னு கேக்கறதும் அந்தப் பள்ளத்தாலதான், மெட்டு (ஃப்ரெட், கழுத்துல குறுக்க பதிச்ச உலோகக் கட்டை) தேயறதும் அதாலதான். மெட்டு இல்லாத பேஸ்ல இன்னும் மோசம், மரத்தையே அராவிடும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் மெட்டு இல்லாத ஃபென்டர் 'ஜாஸ் பேஸ்' கிட்டார்ல கம்பிச்சுற்று போட்டுத்தான் வாசிச்சாரு, ஆனா விரற்பலகை மேல கெட்டியா எப்பாக்ஸி பூசி வச்சிருந்தாரு. அந்தப் பாடற மாதிரி சத்தம் வேணும்னா அந்தப் பூச்சும் வேணும்.

பட்டைச்சுற்றுல பள்ளமே கிடையாது. அழுக்கு அடைய இடம் கம்மி, வருஷக்கணக்கா ஓடும். அமெரிக்க மோட்டவுன் இசைக் கம்பெனி பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன், லா பெல்லா கம்பெனியோட பட்டைச்சுற்ற அறுந்தாத்தான் மாத்துவாருன்னு சொல்வாங்க, பழசாக ஆகத்தான் அந்தச் சத்தமே வரும்னு நம்பற கூட்டம் இன்னைக்கும் இருக்கு. மேற்சுரம் குறைவு, அடிச்சுரம் முன்னால நிக்கும், மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் தொம்னு விழற மாதிரி விழுந்து அடங்கிடும். கணீர்னு வேணும்ங்கறவங்க இத மாட்டிட்டு 'செத்த தந்தி'ன்னு திட்டறாங்க, தந்தி சாகல, அது பொறந்ததே அப்படித்தான்.

வரலாறும் லேசா சொல்லிடறேன். ஃபென்டர் பிரசிஷன் பேஸ் 1951-ல வந்தப்ப இருந்து அந்த 50-கள் முழுக்க பட்டைச்சுற்றுதான் வழக்கம். 1966-ல 'த ஹூ' ராக் குழுவோட பேஸ் கலைஞர் ஜான் என்ட்விஸ்டில், கிட்டத்தட்ட பியானோ மாதிரி கணீர்னு கேக்கணும்னு ரோட்டோசவுண்ட் கம்பெனியோட சேந்து கம்பிச்சுற்று செஞ்சாரு, அதுக்கப்பறம் ராக் பேஸோட சத்தமே மாறிப்போச்சு. அதுக்காக பட்டைன்னா பழைய பாட்டு, கம்பின்னா ராக்னு கோடு போட்டுடாதீங்க. ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டனோட ஸ்டீவ் ஹாரிஸ் வாசிக்கறது பட்டைச்சுற்றுலதான், அந்தக் குதிரை ஓட்டம் மாதிரி வாசிப்பு முழுக்க! விரலால அடிக்கற அடி அப்படி. பாட்டு வகையப் பாத்து தந்தி எடுக்காதீங்கன்னு நான் சொல்றதுக்கு இவர் ஒருத்தரே போதும்.

இன்னொரு சொல் சிக்கலும் இருக்கு, யாரும் தொடல. 'டைட்டா இருக்கு'ன்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுல ரெண்டு சமாச்சாரம் ஒண்ணாக் கலந்து கிடக்கு. ஒண்ணு இழுவிசை, தந்தி பாலத்தை (பிரிட்ஜ், உடல் பக்கம் தந்தி உக்கார்ற இடம்) எவ்வளவு இழுக்குதுங்கறது. இன்னொண்ணு விறைப்பு, விரலுக்கு எவ்வளவு வளைஞ்சு குடுக்குதுங்கறது. பட்டை இடைவெளிய நிரப்பிடறதால அதே தடிமன்ல எடை கூடத்தான் இருக்கும், அதே நீளம் அதே சுரம்னா எடை கூடினா இழுவிசையும் கூடும், அதனால பொதுவா பட்டைச்சுற்றுல ரெண்டுமே அதிகம். ஆனா தோமாஸ்டிக் கம்பெனி பட்டைச்சுற்று ரொம்ப மெத்துன்னு இருக்கும், இழுவிசை கம்மி. தொகுதி மேல வெறும் 45-105னு (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல) தடிமன மட்டும் பாத்து வாங்கினா இது தெரியாது. தந்தி வகைய மாத்தினா கழுத்து வளைவு, தந்தி உயரம் ரெண்டையும் திருப்பி சரிபண்ணணும், தடிமன் கூடிப்போச்சுன்னா நட்டுல (கழுத்து முனையில தந்தி உக்கார்ற கட்டை) இருக்கற பள்ளம் பத்தாம தந்தி மேல தூக்கிட்டு நிக்கும். இழுவிசை, விறைப்புன்னு ரெண்டு சொல்லையும் நம்ம சொற்பட்டியல்ல தனித்தனியா ஏத்திடுங்க.

புதுசா வாங்கறவங்க கேட்டா என் பதில் இதுதான்: என்ன சத்தம் வேணும்னு இன்னும் தெரியலன்னா கம்பிச்சுற்று எடுங்க, டோன் குமிழத் திருப்பி கணீர்ங்கறத குறைச்சுக்கலாம். பட்டைச்சுற்றுல இல்லாத கணீர எந்தக் குமிழத் திருப்பியும் வரவைக்க முடியாது. மெட்டு இல்லாத பேஸா இருந்தா, இல்ல ரெக்கார்டிங்ல விரல் கீச்சுதுன்னு திட்டு வாங்கிட்டு இருந்தா, யோசிக்காம பட்டைச்சுற்று.

கடைசியா ஹாஃப்ரவுண்ட். இதுக்கு வந்த 'அரைச்சுற்று' வேண்டவே வேண்டாம், பாதி சுத்திட்டு விட்டாப்ல இருக்கு. கம்பியச் சுத்தி முடிச்சு மேல்பக்கத்த சாணை பிடிச்சு மட்டம் ஆக்கறாங்க, அதனால 'சாணைச்சுற்று'ன்னு வச்சுப் பாத்தேன். சொல் பிடிச்சிருக்கு. ஆனா சாணை பிடிக்காம, உருளைக்கு நடுவுல விட்டு அழுத்தியே மட்டம் ஆக்கற வகையும் இருக்கு, அதுக்கு இது பொய்யாயிடும். 'மட்டச்சுற்று'ன்னா ரெண்டுக்கும் பொருந்தும், ஆனா மட்டம்னா மட்டமான சரக்குன்னு எவனாவது சிரிப்பான். இந்த ஒண்ணுக்கு மட்டும் யாராவது நல்ல சொல்லா சொல்லுங்க, மத்த மூணையும் பட்டியல்ல ஏத்திடலாம்.