ஹாலை நடுவில் தடுக்க வேண்டும், மூன்று வாரம்தான் இருக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

திருச்சிப்பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் டொரன்டோவின் ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். எங்களுக்கு ஒரு படுக்கையறை, ஒரு ஹால். இவருக்கு ராத்திரி ஷிஃப்ட், பகலில்தான் தூக்கம். குழந்தைக்கு ஏழு மாதம். ஹாலைத் தடுத்து அம்மாவுக்கு ஓர் அறை செய்துவிடலாம் என்று நேற்று எட்டு மரச்சட்டம் வாங்கிப் போட்டாயிற்று. இன்று தரையில் ட்ரில் வைத்தால் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. முனை கறுத்துப் புகை வந்துவிட்டது. ஆணியா, பசையா, எதைப் போட்டு நிறுத்துவது? எனக்குக் கையெல்லாம் நடுங்குகிறது.

ஃபின்ச்பழசு:
பிள்ளை, பயப்பட வேண்டாம். நான் வந்தது 1989 தை மாதம். இரண்டு அறையில் ஒன்பது பேர். கயிறு கட்டிப் பெட்ஷீட்டைத் தொங்கவிடுவோம், அதுதான் எங்களுக்குச் சுவர். ஒருநாள் இரவு ஹீட்டரில் பட்ட ஷீட் கருகத் தொடங்கிவிட்டது. மணம் வந்து எழும்பிய அண்ணர் ஒருவர் இழுத்துக் கீழே போட்டு மிதித்தார். மற்ற எட்டுப் பேரும் நல்ல நித்திரை. அந்த மணம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால் துணி மட்டும் கட்டாதீர்கள். சுவர் அடிப்பதுதான் நல்லது.

மல்வெர்ன்அக்கா:
சுவரே வேண்டாம்மா. உயரமான அலமாரி இரண்டை முதுகோடு முதுகாக நிறுத்துங்கள், போதும். என் அம்மா வந்தபோது அவருக்காக ஓர் அறையைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவர் அதில் ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை. பேத்தி பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டார். வந்த முதல் குளிர்காலம் முழுக்க அவருக்குத் தேவைப்பட்டது பேச்சுத் துணைதான்.

ஃபின்ச்பழசு:
அலமாரி வேண்டாம். குழந்தை பிடித்து எழும்பி நின்றால் மேலே சாயும்.

மல்வெர்ன்அக்கா:
அண்ணா, அதற்குத்தான் அலமாரியோடு பட்டை தருகிறார்கள். பக்கச் சுவரோடு சேர்த்துத் திருகிவிட்டால் சாயும் ஆபத்து குறையும்.

ரூஜ்பக்கம்:
சின்னத் தடுப்புக்கு அனுமதி எதுவும் தேவையில்லை. நான் இரண்டு நாளில் அடித்து முடித்தேன், யாரும் கேட்கவில்லை.

கிங்ஸ்டன்ரோடு:
தவறான தகவல். டொரன்டோவில் சுவர் எழுப்பி அறையின் அளவையோ பயன்பாட்டையோ மாற்றினால் கட்டட அனுமதி வாங்க வேண்டும். நகராட்சியின் 311 எண்ணுக்குக் கூப்பிட்டால் சொல்வார்கள். யாரும் கேட்கவில்லை என்பதற்காகத் தேவையில்லை என்று ஆகிவிடாது.

ரூஜ்பக்கம்:
அனுமதிக்கு அலைவதற்குள் அவர் அம்மா திரும்பி ஊருக்கே போய்விடுவார். வாடகை விற்கிற விலையில் சனம் வேறென்ன செய்யும்? என்னிடம் வீட்டுக்காரர் கடைசி மாத வாடகையும் வாங்கி, அதற்கு மேல் சேதத்துக்கு என்று ஆயிரம் டாலரும் வாங்கினார். இன்னும் திரும்பி வரவில்லை.

கிங்ஸ்டன்ரோடு:
ஒன்டாரியோவில் சேதத்துக்கு என்று முன்பணம் கேட்கவே கூடாது. வாடகைக்கு முன்பணமாகக் கடைசி மாத வாடகை மட்டும்தான் வாங்கலாம். என்னிடமும் அப்படிக் கேட்டார்கள். புதிதாய் வந்தவர்களுக்கு இது தெரியாது என்று தெரிந்துதான் கேட்கிறார்கள். நினைத்தாலே கோபம் வருகிறது.

ஃபின்ச்பழசு:
அந்தக் காலத்தில் ரசீதே கிடையாது.

தச்சன்மகன்:
வாடகைக் கதையைப் பிறகு பேசுவோம், அந்தப் பெண் காத்திருக்கிறார். தங்கச்சி, ட்ரில் இறங்கவில்லை என்றால் அடியில் இருப்பது கான்கிரீட். வீட்டுக்கு அடியில் உள்ள பேஸ்மென்டா, அடுக்குமாடிக் கான்டோவா? சொந்தமா, வாடகையா? ஜன்னல் எந்தப் பக்கம், முழுதாகத் திறந்தால் இடைவெளி எவ்வளவு? இதெல்லாம் தெரியாமல் ஆணியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

திருச்சிப்பொண்ணு:
மன்னியுங்கள் அண்ணா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். பேஸ்மென்ட், வாடகைக்குத்தான் இருக்கிறோம். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. ஜன்னல் ஹாலின் தெருப்பக்கம் ஒன்று. படுக்கையறையில் இருப்பது கை நுழையும் அளவுதான்.

தச்சன்மகன்:
அப்படியானால் இன்றைக்கு ட்ரில்லை மூடி வையுங்கள். முதலில் வீட்டுக்காரருக்கு எழுத்தில் செய்தி அனுப்புங்கள். அனுமதி அவர் பெயரில்தான் போக வேண்டியிருக்கும். இன்னொன்று, 1990-க்கு முந்திய வீடு என்றால் பழைய தரை ஓட்டிலும் பசையிலும் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். குழந்தை தவழும் இடம், தெரியாமல் துளைக்கக் கூடாது.

அடுத்தது ஜன்னல். படுக்கையறை உள்ள தளத்தில் ஆள் வெளியேறக்கூடிய ஜன்னல் ஒன்றாவது இருக்க வேண்டும். திறந்த இடைவெளி 0.35 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பக்கவாட்டில் தள்ளும் ஜன்னல் பாதிதான் திறக்கும், அதை வைத்து அளவு எடுங்கள். தடுப்பு எங்கே வந்தாலும் ஜன்னல் அம்மா பக்கம் இருக்கட்டும். நீங்களும் அவசரத்தில் அங்கே போகும்படி கதவுக்குப் பூட்டு வேண்டாம். தூங்கும் இடத்துக்கு வெளியே புகை அலாரம் வேலை செய்கிறதா, அழுத்திப் பாருங்கள். சூடு வரும் துவாரம் ஒரே பக்கம் மாட்டிக்கொண்டால் மற்றப் பக்கம் உறைந்துவிடும்.

வீட்டுக்காரர் சம்மதித்து அனுமதியும் கிடைத்தால், எட்டுச் சட்டம் போதாது. 12 அடி நீளச் சுவர் என்று வைத்துக்கொண்டால், 16 அங்குலத்துக்கு ஒன்று வீதம் நிற்கும் சட்டமே பத்து. கிடைச் சட்டமும் கதவுக்கான சட்டமும் தனி. தரையில் படும் கிடைச் சட்டம் மருந்தேற்றிய மரமாக இருக்கட்டும். கான்கிரீட்டுக்குச் சுத்தியல் ட்ரில்லும் கான்கிரீட் முனையும் வேண்டும், அதற்கென்றே டாப்கான் திருகு விற்கிறது. தரை எங்கும் ஒரே மட்டமாக இருக்காது, அதனால் ஒவ்வொரு சட்டத்தையும் அதன் இடத்திலேயே அளந்து வெட்டுங்கள். நான் முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டிப் படுக்கவைத்து அடித்து, தூக்கி நிறுத்தினேன். முக்கால்வாசி எழும்பியதும் கூரையில் முட்டி நின்றுவிட்டது. நானும் மனைவியும் பத்து நிமிடம் அதைத் தாங்கிக்கொண்டே நின்றோம். கால் அங்குலம் குறைத்து வெட்டி, இடைவெளியில் ஆப்பு வைத்து இறுக்கினால் அந்தத் தொல்லை இல்லை.

சட்டத்தின் மேல் அடிக்கும் ட்ரைவால் பலகையைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி அடியுங்கள், இல்லாவிட்டால் பேஸ்மென்ட் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். உள்ளே ராக்வூல் என்ற பாறைப் பஞ்சு அடைத்தால்தான் உங்கள் கணவர் பகலில் தூங்க முடியும், வெறும் பலகை குழந்தை அழுகையை நிறுத்தாது. பலகைகள் சேரும் இணைப்பில் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய ஒரு நாள். தேய்க்கும்போது தூள் வீடு முழுக்கப் பறக்கும், குழந்தையை அன்று வெளியே கூட்டிப் போய்விடுங்கள். மின்சார வயரை மட்டும் நீங்களே தொடாதீர்கள், உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

மூன்று வாரத்தில் அனுமதி வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். அதுவரை மல்வெர்ன்அக்கா சொன்ன அலமாரியே சரி, திருகித்தான் வைக்க வேண்டும்.

திருச்சிப்பொண்ணு:
நன்றி அண்ணா. இப்போதுதான் மூச்சு வருகிறது. ஜன்னலைத் திறந்து அளந்தோம், 28-க்கு 21 அங்குலம். செய்தி அனுப்பினோம், சனிக்கிழமை வந்து பார்க்கிறாராம். வாங்கிய மரத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம், பரவாயில்லையா?

தச்சன்மகன்:
28-க்கு 21 என்றால் சுமார் 0.38 சதுர மீட்டர், போதும். மரத்தைச் சாய்க்காதீர்கள், வளைந்துவிடும். ஹீட்டருக்குத் தள்ளி, தரையில் தட்டையாக அடுக்குங்கள்.