தோள் விலகியவர்களும் இடுப்பு முறிந்தவர்களும்: அனுபவப் பகிர்வு

சுன்னாகத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

சென்ற மாரியில், ஈரத் தெருவில் துவிச்சக்கர வண்டி சறுக்கி, இடக்கையை ஊன்றியபடி விழுந்தேன். தோளின் உருண்டை வடிவம் மறைந்து, மூலைபோல் சதுரப்பட்டிருந்தது. இடக்கையால் வலத்தோளைத் தொட முயன்றேன், முடியவில்லை. “ஒரே இழுவையில் பொருந்திவிடும்” என்று அயலவர் ஒருவர் கையைப் பிடிக்க வந்தார். நல்லவேளையாக என் மனைவி விடவில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் முதலில் செய்தது, மேற்கையின் வெளிப்புறத்தைப் பஞ்சால் வருடி, உணர்வு தெரிகிறதா என்று கேட்டதுதான். புய என்பின் (மேற்கை என்பின்) கழுத்தைச் சுற்றிச் செல்லும் நரம்பு இத்தகைய விலகலில் நசுங்கக்கூடும் என்பதால், மூட்டைப் பொருத்திய பின்னும் அதையே மீண்டும் சோதித்தார். இடையில் எக்ஸ்றே எடுத்து, என்பு முறியவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டார்.

தோளும் இடுப்பும் குண்டுக்குழி மூட்டுகளே. ஆனால், சிரட்டைக்குள் பந்து அமர்ந்திருப்பதுபோல் இடுப்பு அமைந்திருக்க, தோளோ பாடசாலை விளையாட்டுப் போட்டியில் கரண்டியில் ஏந்திச் செல்லும் தேசிக்காயைப் போன்றது: குழி ஆழமற்றது, குண்டு அதைவிடப் பெரியது, அதைப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகளும், என்புகளைப் பிணைக்கும் நார்களான இணையங்களுமே. கையை எத்திசையிலும் சுழற்ற முடிவதும், உடலின் பெரிய மூட்டுகளுள் தோளே அதிகம் விலகுவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

கோண்டாவிலிலிருந்து:

எங்கள் அம்மம்மா கிணற்றடியில் விழுந்தபோது, இடுப்பு “விலகிவிட்டது” என்று எண்ணி எண்ணெய் தடவத் தொடங்கினோம். கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடந்தது. மேலே சொல்லப்பட்ட சிரட்டைக்குள் குண்டு அப்படியே இருக்க, அதற்குச் சற்றுக் கீழே தொடை என்பின் கழுத்துத்தான் முறிந்திருந்தது. நாங்கள் தடவியது வீண் வேலை, சத்திரசிகிச்சையே தேவைப்பட்டது.

மானிப்பாயிலிருந்து:

1847 இல் யாழ்ப்பாணம் வந்து எங்கள் ஊரில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர், உடற்கூற்றியலை ‘அங்காதிபாதம்’ என்றார். என் மகனின் பாடநூலில் இருப்பவை வன்கூடு (எலும்புக்கூடு), பிணையல் மூட்டு (கதவுப் பிணைச்சல்போல் மடங்கும் மூட்டு) முதலிய சொற்கள். முழங்கை கதவுப் பிணைச்சல் போன்றதென்றால் கை எப்படித் திரும்புகிறது என்று அவன் கேட்டான். முன்கையிலுள்ள இரு என்புகளுள், சின்னவிரல் பக்கத்து அரந்தி பெரும்பாலும் நிலையாக இருக்க, பெருவிரல் பக்கத்து ஆரை என்பு அதன் குறுக்கே புரள்கிறது. மறுகை விரலை முழங்கை நுனியில் வைத்தபடி பூட்டில் திறப்பைத் திருப்பச் சொன்னேன். மணிக்கட்டு முழுதாகத் திரும்பியும் நுனி ஏறத்தாழ அசையாமலே நின்றதை அவனே தொட்டறிந்தான்.